இருபத்திரண்டு வேண்டாம் என்றவள்

பிரேக்கம்மாவைக் கடைசியாக வழியனுப்ப வந்தவர்களின் கார்கள் தெரு முழுக்க நின்றன. ஒன்றுகூடக் கோணலாக நிற்கவில்லை. எல்லாம் நடைபாதை விளிம்பிலிருந்து ஒரே அளவு தள்ளி, சக்கரங்கள் நேராக நின்றன. வந்தவர்களில் பெரும்பாலோர் அவளிடம் ஓட்டக் கற்றவர்கள். ஆனால் வாசலில் கூடி நின்று அவர்கள் பேசியது கார் விஷயம் அல்ல.

"யுனிவர்சிட்டில குடுத்த மார்க்கை வேண்டாம்னு சொல்லிட்டு வந்தாங்களாமே, நிஜமா?"

நிஜம்தான். நடந்தது இப்படி.

அவள் டிரைவிங் ஸ்கூல் ஆசிரியை. பயிற்சிக் காரில் கற்பவர் பக்கம் ஒரு பிரேக், கற்பிப்பவர் பக்கம் ஒரு பிரேக். அவளுடைய கால் அந்த இரண்டாவது பிரேக்கின் மேலேயே வாழ்ந்தது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுகூட, திரையில் ஒரு லாரி வேகமாக வந்தால் அவள் கால் தரையை அழுத்தும். பிரேக்கம்மா என்று மாணவர்கள் வைத்த பெயரை வீடும் தெருவும் எடுத்துக்கொண்டன.

பேச்சு குறைவு. காருக்குள் அதிகம் பேசினால் கற்பவனுக்குக் கை நடுங்கும் என்பது அவள் கட்சி. லைசென்ஸ் டெஸ்டுக்குப் போகிறவர்களிடம் அவள் சொல்லி அனுப்புவது எப்போதும் ஒன்றுதான். "கேட்டதைச் செய். கேக்காததைச் செய்யாதே. பக்கத்துல உக்காந்திருக்கிறவர் வாயே திறக்கலைன்னா நீ பாஸ்னு அர்த்தம். அந்த நேரத்துல நீ எதையாவது ஆரம்பிச்சுக் காரியத்தைக் கெடுத்துக்காதே."

இப்படிப்பட்டவளிடம் ஒரு இத்தாலியப் பெண் கார் ஓட்டக் கற்க வந்தாள். கட்டடக் கம்பெனி வேலைக்காக வந்தவள். நம்ம மொழி அரைகுறையாகத் தெரியும். முதல் நாளே வளைவில் ஏதோ கதை சொல்ல ஆரம்பித்து, கதை சூடுபிடித்ததும் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாள். பிரேக்கம்மா காரை நிறுத்தினாள்.

"கையை எடுக்காதீங்க."

"அப்புறம் எப்படிப் பேசுறது?" என்று அவள் உண்மையாகவே கேட்டாள்.

நான்காவது தடவை டெஸ்டில் தேறி, வேலை முடிந்து, அந்தப் பெண் ஊர் திரும்பிவிட்டாள். கேள்வி மட்டும் காருக்குள் தங்கிவிட்டது. உயிரைப் பணயம் வைத்து இரண்டு கையாலும் சொல்ல வேண்டிய அளவுக்கு அந்த மொழியில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்த்துவிட வேண்டும் என்று பிரேக்கம்மாவுக்குத் தோன்றியது. மகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டாள். மாலை வகுப்பு நடத்தும் பல்கலைக்கழகம் இரண்டு பஸ் தூரத்தில் இருந்தது. இத்தாலிய மொழியும் பண்பாடும், இளங்கலை. சேர்ந்துவிட்டாள்.

வீட்டில் அன்று நல்ல கூத்து.

"இத்தாலியா?" என்றாள் கணவரின் அக்கா. மாடி வீட்டில் இருப்பவள். கீழே வரும்போது கருத்து இல்லாமல் வரமாட்டாள். "ஏண்டி, அங்க யாரு இருக்கா உனக்கு? சம்பந்தி வீடா?"

"இல்ல அண்ணி. சும்மா தெரிஞ்சுக்கத்தான்."

"சும்மா தெரிஞ்சுக்க பக்கத்து வீட்டு விஷயம் இருக்கே. அதுக்கு எதுக்கு டிகிரி?"

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். எதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். "படி. ஆனா ஸ்டியரிங்கை விட்டுட்டுப் பேசக் கத்துக்காதே," என்றார். மகள் தொழிற்சாலை இயந்திரங்களின் அதிர்வை அளக்கும் இன்ஜினியர். அவள் பாடத்திட்டத்தை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "லோடு அதிகம்மா. தாங்குவியா?" என்று மட்டும் கேட்டாள்.

தாங்குவதாவது! அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாணவன் இறங்கி அடுத்த மாணவன் ஏறும் இடைவெளியில் வினைச்சொல் மனப்பாடம். சிக்னலில் நின்றால் எண்கள். பின்னால் வரும் காரின் நம்பர் பிளேட்டை இத்தாலியனில் வாசிப்பாள். இடம் வலம் என்பதை மறந்து "சினிஸ்த்ரா", "தெஸ்த்ரா" என்று அவள் சொல்லப்போய், ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த இரண்டு சொல்லையும் கற்றுக்கொண்டார்கள். ஒருவன் லைசென்ஸ் அதிகாரியிடமே "தெஸ்த்ராவா சார்?" என்று கேட்டுவிட்டு வந்து அழுதான்.

வகுப்பிலிருந்து வரும் ஒவ்வொரு இரவும் சமையலறையில் ஒரு செய்தி இருக்கும். "தெரியுமா, அந்த நாடு ஒண்ணா சேர்ந்தப்போ பெரும்பாலான ஜனங்களுக்கு இத்தாலியனே தெரியாதாம்! ஊருக்கு ஊர் வேற பேச்சு. அப்புறம் பள்ளிக்கூடம், ராணுவம், ரேடியோ, டிவி எல்லாம் சேர்ந்துதான் எல்லாரையும் ஒரே மொழி பேச வச்சுதாம்." கணவர் தட்டிலிருந்து தலை தூக்காமல் "அப்படியா" என்பார். அவருக்கு அதிசயம், அந்த நாடு அல்ல. இருபத்தைந்து வருஷமாக "உம்" கொட்டிக்கொண்டிருந்தவள் இப்படிப் பேசுகிறாளே என்பதுதான்.

எல்லாவற்றையும்விட அவளைப் பிடித்து ஆட்டியது ஒரு சாலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டின் வடக்கையும் தெற்கையும் இணைத்துப் போட்ட நெடுஞ்சாலை. மலைகளைக் குடைந்து, பள்ளத்தாக்குகளைத் தாண்டிப் போனது. அதே காலத்தில் வந்தது, தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கார். வாழ்நாளில் கடலைப் பார்க்காத குடும்பங்கள் அதில் அடைந்துகொண்டு கடலைப் பார்க்கப் போயின. சாலைக்குக் குறுக்கே, மேலே பாலம்போலக் கட்டிய உணவு விடுதிகள். சாப்பிட வந்தவர்கள் கண்ணாடி வழியாகக் கீழே ஓடும் கார்களை வேடிக்கை பார்த்தார்கள். "சாப்பாட்டை விட்டுட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டு நின்னாங்களாம்!" என்று சொல்லும்போது அவள் கண் பளபளக்கும். அவளும் அப்படி நிற்கக்கூடியவள்தான்.

அந்தச் சாலையை நேரில் பார்க்க ஒரு வழி இருந்தது. கடைசி வருஷத்தில் துறை சிலரை இத்தாலியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு பருவம் அனுப்பும். அதற்கு நிபந்தனை ஒன்றுதான். பண்பாட்டு வரலாற்று வாய்மொழித் தேர்வில் முப்பதுக்கு இருபத்தேழு வாங்க வேண்டும். தேறப் பதினெட்டு போதும். போக இருபத்தேழு வேண்டும்.

அந்தத் துறை தேர்வை இத்தாலிய வழக்கப்படியே நடத்தியது. கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். முதலில் மாணவரே தனக்குப் பிடித்த ஒரு தலைப்பில் பேச வேண்டும். பிறகு கேள்விகள். முடிந்த கையோடு பேராசிரியை மார்க்கைச் சொல்லி, "அச்செத்தா?" என்று கேட்பார். ஏற்றுக்கொள்கிறீர்களா என்று அர்த்தம். ஏற்காவிட்டால் அந்த மார்க் இல்லாமல் போய்விடும். அடுத்த தேர்வில் திரும்ப வந்து உட்காரலாம். அதில் கவிழ்ந்தால் அந்தப் பாடத்தை ஒரு வருஷம் மறுபடி படிக்க வேண்டும். பயணமும் கிடையாது.

முதல் தடவை பிரேக்கம்மா இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாகப் போய் உட்கார்ந்தாள். மூன்றாவது மாடி. உயரமான ஜன்னல். நீள மேசைக்கு அந்தப் பக்கம் பேராசிரியை, வெள்ளைக் குட்டை முடி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி. பின் பெஞ்சில் வகுப்புப் பிள்ளைகள்.

"சொல்லுங்க," என்றார் பேராசிரியை, இத்தாலியனில்.

அவள் தலைப்பைச் சொன்னாள். நெடுஞ்சாலையும் குடும்ப வாழ்க்கையும். சாலை எப்போது முடிந்தது, எதை எதை இணைத்தது, கார் எப்படி வந்தது. நாலே வாக்கியம். ஒரு பிழை இல்லை. நிறுத்தினாள்.

பேராசிரியை பேசவில்லை. கன்னத்தில் கை வைத்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரேக்கம்மாவுக்கு உள்ளுக்குள் குதூகலம். வாயே திறக்கவில்லை! அப்படியென்றால் பாஸ். அவள் நிமிர்ந்து, கையை மடியில் வைத்து, மேசைக்கு அடியில் வலது காலை அழுத்தி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு புறா வந்து உட்கார்ந்து, சலித்துப்போய்ப் பறந்துவிட்டது.

பேராசிரியை பெருமூச்சு விட்டார். இரண்டு மூன்று கேள்வி கேட்டார். கேட்டதற்கு மட்டும் பதில் வந்தது. "இருபத்திரண்டு," என்றார். "அச்செத்தா?"

பின் பெஞ்சில் சிலர் கைதட்டவே ஆரம்பித்துவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படிக்கிறவர்களுக்கு இருபத்திரண்டு நல்ல மார்க். பிரேக்கம்மாவுக்கு அந்த எண்ணில் தெரிந்தது ஒன்றே ஒன்று. சாலை இல்லை.

"நோ," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "கிராட்ஸியே." நன்றி என்று அர்த்தம்.

கைதட்டல் பாதியில் நின்றது. பேராசிரியை கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த வழக்கம் விதியில் இருந்ததே தவிர, அங்கே யாரும் அதை எடுத்து உபயோகித்ததில்லை.

சொல்லிவிட்டாளே ஒழிய, எங்கே கோட்டை விட்டோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எழுந்து போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவன் வகுப்பில் எல்லோரும் தாடி என்று கூப்பிடும் பையன். வாய்க்கு வந்தபடி ஆரம்பித்தான். பேராசிரியை அதே மாதிரி கன்னத்தில் கை வைத்தார். அதே மௌனம். தாடி நிறுத்தவில்லை. இதைத் தொட்டான், அதிலிருந்து அதற்குத் தாவினான், தப்பாகச் சொன்னான், திருத்திக்கொண்டான், ஒரு கட்டத்தில் நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டான். இருபத்தொன்பது.

பிரேக்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். பெஞ்சே அதிர்ந்தது. அந்த மேசையில் மௌனம் என்றால் பாஸ் அல்ல. போய்க்கொண்டே இரு என்று அர்த்தம். பச்சை விளக்கு எரிகிறது, இவள் சிவப்பென்று நினைத்து நிறுத்தி வைத்திருக்கிறாள். பின்னால் ஹாரன் அடிக்கக்கூட ஆள் இல்லை!

வீட்டில் ஹாரன் அடிக்க ஆள் இருந்தது.

"கேட்டியாடா தம்பி, கொடுத்ததை வேண்டாம்னு சொல்லிட்டு வந்திருக்கா உன் பொண்டாட்டி," என்றாள் மாடி வீட்டு அண்ணி. "கடையில குடுத்த கத்தரிக்காயா இது, முத்தலா இருக்கு வேற குடுன்னு கேக்க?"

"பாஸ் ஆனதை எதுக்கும்மா கீழ போட்டே?" என்றாள் மகள். "அடுத்த தடவை ஃபெயிலானா இதுவும் போச்சே?"

"என்கிட்ட படிக்கிறவன் இன்னைக்கு நான் ஓட்டின மாதிரி ஓட்டினா, அவனை நான் டெஸ்டுக்கே அனுப்பமாட்டேன்," என்றாள் பிரேக்கம்மா. அவள் முகத்தில் வருத்தமே இல்லை. குளிர்ந்த தண்ணீரில் குதித்து எழுந்தவள் மாதிரி இருந்தாள். "கோளாறு எங்கேன்னு கண்டுபிடிச்சுட்டேன். நான் நிறுத்திடறேன். நிறுத்தாம ஓட்டப் பழகணும்."

கோளாறு என்ற சொல் வந்ததும் மகளுக்குக் காது நிமிர்ந்தது. "எவ்வளவு நேரம் நிறுத்தாம பேசணும்?"

"அவங்களா நிறுத்தற வரைக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக் காரிலேயே பயிற்சி ஆரம்பித்தது. மகள் ஓட்ட வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இத்தாலியனில் பேசிக்கொண்டே வர வேண்டும். பேச்சு நின்றால் மகள் காரை ஓரம் கட்டிவிடுவாள். இன்னொரு விதியும் மகளே போட்டாள். ஓட்டுவதைப் பற்றி அம்மா ஒரு சொல் சொல்லக்கூடாது. காலை அந்தப் பிரேக்கின் மேல் வைக்கக்கூடாது.

இந்த இரண்டாவது விதியில்தான் உயிர் போனது. மகள் இன்ஜினியரே தவிர, அவள் ஓட்டினால் காருக்கே தலைவலி வரும். லைசென்ஸ் வாங்கியதோடு சரி, அம்மா பக்கத்தில் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முதல் வளைவிலேயே, கடலைப் பார்க்கப் போன இத்தாலியக் குடும்பத்தைப் பாதி வழியில் விட்டுவிட்டு, "மிரர் பாரு, மிரர் பாரு!" என்று அலறினாள் பிரேக்கம்மா.

கார் ஓரத்தில் நின்றது.

"அது இத்தாலியன் இல்லம்மா."

"நீ அந்த சைக்கிள்காரனைப் பார்த்தியா?"

"பார்த்தேன். அவர் இன்னும் உயிரோடதான் போறார். குடும்பத்தை எங்க விட்டே? அங்கேர்ந்து ஆரம்பி."

மறுபடி ஓடியது. மறுபடி நின்றது. பழைய சந்தை ரோட்டில் அன்று அந்தக் கார் நின்ற இடங்களில் எல்லாம் பஸ் ஸ்டாப் வைத்திருக்கலாம். பின் சீட்டில் கணவர். "பேசு, பேசு. எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா நல்லா இருக்கு," என்று ஊக்கம் கொடுத்துக்கொண்டு வந்தார். சொல் கிடைக்காத இடத்தில் முன்பெல்லாம் அவள் நின்றுவிடுவாள். இப்போது சுற்றிக்கொண்டு போகக் கற்றாள். சுரங்கப்பாதைக்குச் சொல் வரவில்லையா, மலைக்குள் போட்ட ஓட்டை. அதுவும் இல்லையா, கையைக் குகை மாதிரி வளைத்துக் காட்டு. நாலாவது ஞாயிறு, ஏரிக்கரை வழியே வரும்போது, அவள் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு பஸ் குறுக்கே வந்தது. மகள் பிரேக் போட்டாள். பேச்சு நிற்கவில்லை. கணவர் குனிந்து பார்த்தார். மனைவியின் கால் பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி, சும்மா கிடந்தது.

இரண்டாவது தேர்வுக்கு வீடே போனது. வரமாட்டேன் என்று சொன்ன அண்ணிதான் முதலில் படி இறங்கி வந்து நின்றாள். "கதவு திறந்துதானே இருக்கும்? நான் காத்து வாங்க வரேன்." தாடி இடம் பிடித்து வைத்திருந்தான். இருபத்திரண்டை வேண்டாம் என்றவளைப் பார்க்க மற்ற வகுப்புகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். பெஞ்ச் போதாமல் சுவரோரம் நின்றார்கள்.

"சொல்லுங்க," என்றார் பேராசிரியை.

பிரேக்கம்மா அதே தலைப்பைச் சொன்னாள். நெடுஞ்சாலையும் குடும்ப வாழ்க்கையும். அந்த நாலு வாக்கியமும் முடிந்தன. பேராசிரியை கன்னத்தில் கை வைத்தார். மௌனம். பின் பெஞ்சில் மகள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா அந்தக் காருக்குள்ள அஞ்சு பேர் எப்படி உக்காந்தாங்க?" என்று பிரேக்கம்மா தன்னையே கேட்டுக்கொண்டாள். கிளம்பிவிட்டாள்.

மடியில் குழந்தை, கூரையில் பெட்டி, ஜன்னல் வழியே நீட்டிய கை. தெற்கிலிருந்து வடக்கே தொழிற்சாலை வேலைக்குப் போய், கோடை விடுமுறைக்குக் காரில் ஊர் திரும்பி, வாசலில் நிறுத்தி ஊரையே வரவழைத்துக் காட்டியவர்கள். பாலத்து உணவு விடுதி. ஒரு இடத்தில் சொல் சிக்கிக்கொண்டது. அறையே மூச்சைப் பிடித்தது. அவள் கையைக் குகை மாதிரி வளைத்து அதற்குள் இன்னொரு கையை ஓட்டி அந்தப் பக்கம் வெளியே வந்துவிட்டாள். யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

பேராசிரியை கையைத் தூக்கினார். "சாலை எல்லாரையும் சேர்த்துதுன்னு சொல்றீங்க. பழைய ரோட்டுல இருந்த சின்ன ஊர்கள்? அவங்களையும் சேர்த்துதா?"

இது தயாரிப்பில் இல்லாத கேள்வி. முன்பென்றால் 'இல்லை' என்று ஒரு சொல்லில் முடித்திருப்பாள். "எங்க ஊர்லயும் புது ரோடு வந்துச்சு," என்றாள். "அதுக்கப்புறம் பழைய ரோடு காலி. நான் புதுசா ஓட்டுறவங்களை அங்கதான் கூட்டிட்டுப் போவேன். எனக்கு ரொம்ப வசதி. அங்க கடை வச்சிருந்தவங்களுக்கு வசதி இல்ல. ஒரு டீக்கடைக்காரர் மட்டும் இன்னும் இருக்கார். என் மாணவங்க இஞ்சினை அணைச்சுட்டு முழிக்கிறதைப் பார்க்கத்தான் கடை திறக்கிறேன்னு சொல்வார்."

பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வாதம் பிடித்துக்கொண்டது. அவர் ஒன்று சொல்ல, இவள் மறுக்க, அவர் திருத்த, இவள் ஒரு இடத்தில் ஒப்புக்கொள்ள, மேசையின் இரண்டு பக்கமும் கைகள் பறந்தன. "என்ன சண்டை போடறாங்களா?" என்று அண்ணி மகளிடம் கிசுகிசுத்தாள். "இல்ல அத்தை. பேசறாங்க." "இதுக்குப் பேரு பேச்சா? அப்ப நானும் இத்தாலியன்தான் பேசறேன் இத்தனை வருஷமா."

கடைசியில் பேராசிரியை நாற்காலியில் சாய்ந்தார். "இருபத்தெட்டு," என்றார். ஒரு கணம் நிறுத்தி, புருவத்தை உயர்த்தி, "அச்செத்தா?"

பிரேக்கம்மா பேசவில்லை.

கண் எதிரே ஜன்னல், அதற்கு அப்பால் வானம், அதற்கு அப்பால் எங்கேயோ அந்தச் சாலை. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சுக்கு அது தெரியாது. அவர்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "ஐயோ, மறுபடி வேண்டாம்னு சொல்லித் தொலைக்கப் போறா," என்று அண்ணி பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கணவர் எழுந்தே விட்டார். "ஏய், வாங்கிக்கோ!" என்று அறை நடுவே அவர் கத்தியது எந்த மொழியிலும் புரிந்திருக்கும்.

அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "அச்செத்தோ," என்றாள். ஏற்றுக்கொள்கிறேன்.

அறை அதிர்ந்தது. தாடி பெஞ்சின் மேல் ஏறிவிட்டான். ஒன்றும் புரியாமலேயே அண்ணி எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். பேராசிரியை எழுந்து வந்து கை குலுக்கும்போது, "கடலைப் பார்க்கும்போது என்னையும் நினைச்சுக்கோங்க," என்றார்.

"கடலை அப்புறம் பார்க்கறேன். முதல்ல அந்தப் பாலத்துல நின்னு ரோட்டைப் பார்க்கணும்."

பார்த்தாள். திரும்பி வந்தும் காருக்குள் அதையே பேசினாள். மாணவர்கள் அதைக் கேட்டுக்கொண்டே கியர் மாற்றக் கற்றார்கள். உயிரோடு இருந்த கடைசி வருஷம் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் கை ஆட்டிக்கொண்டுதான் பேசினாள். ஊசிக்குழாய் போட்ட கையை அசைக்காதீர்கள் என்று நர்ஸ் கண்டித்தபோது, "அப்புறம் எப்படிப் பேசுறது?" என்றாள்.

ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்வது அந்தத் தேர்வு நாளைத்தான். அன்று மூன்று மாடியும் இறங்கி வந்து, பயிற்சிக் கார் பக்கம் போனார்கள். சாவி அவளிடம் இருந்தது. வழக்கம்போல ஓட்டுநர் பக்கம் போனாள். நின்றாள். சாவியை மகளிடம் நீட்டினாள். மகள் ஏறி உட்கார்ந்து, அம்மாவுக்காகப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்தாள்.

"அங்க அண்ணி உக்காரட்டும்," என்றாள் பிரேக்கம்மா.

பின் கதவைத் திறந்து, கணவரைத் தள்ளி உட்காரச் சொல்லி ஏறிக்கொண்டாள். அந்தக் காரின் பின் சீட்டில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கால் நீட்டினாள். அங்கே பிரேக் கிடையாது.

மகள் கண்ணாடியைப் பார்த்தாள். ஒரு தடவை. இன்னொரு தடவை. "போகலாமாம்மா?"

பின் சீட்டிலிருந்து பதில் வரவில்லை. மகளுக்கு அந்த மௌனத்தின் அர்த்தம் தெரியும். வண்டியை எடுத்தாள்.